விராலடிப்பானின் இரண்டாவது ஊர்

2023ஆம் ஆண்டு கோடையில், நார்வே நாட்டு விராலடிப்பான் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்து அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். மீன் பிடித்துத் தின்னும் இந்த வேட்டைப் பறவை அந்தத் தீவில் ஒரு காலத்தில் கூடு கட்டி வாழ்ந்தது. சுட்டுக் கொன்றும் முட்டைகளைத் திருடியும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே அங்கே அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் 50 முதல் 70 குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவது என்று அந்நாட்டின் தேசியப் பூங்கா, வனவுயிர்த் துறை திட்டம் போட்டிருக்கிறது. மன்ஸ்டர் மாநிலத்தில் ஒரு நீர்நிலையோரம் என்பதற்கு மேல் இடத்தை வெளியே சொல்லவில்லை.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை? எங்கள் ஊர் ஈயக்குட்டைகளில், அதாவது பழைய வெள்ளீயச் சுரங்கப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில், இதே இனப் பறவை ஆண்டில் பாதியைக் கழிக்கிறது. அந்த அக்கறையில்தான் எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ராய் டென்னிஸ் போன்ற பறவைப் பாதுகாப்பு ஆர்வலர்கள் பல ஆண்டுகள் செய்து பக்குவப்படுத்திய முறை அது. இரண்டு மூன்று குஞ்சுகள் உள்ள கூடாகப் பார்த்து, ஐந்து ஆறு வார வயதில் குஞ்சை எடுப்பார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் குறைந்தது ஒரு குஞ்சாவது கூட்டில் மிஞ்ச வேண்டும் என்பது கட்டாயம். எடுத்ததை நீர்நிலையைப் பார்த்தபடி உயரமாகக் கட்டிய கூண்டில் வைப்பார்கள். முன்பக்கம் வலை, பின்பக்கம் பலகை. மீனைத் துண்டு போட்டு, பலகையில் உள்ள சின்னத் திறப்பு வழியாக உள்ளே தள்ளுவார்கள். ஊட்டும் ஆளைக் குஞ்சு பார்க்கக் கூடாது. மனிதரைச் சோற்றோடு சேர்த்து நினைக்கப் பழகிய பறவை காட்டில் பிழைப்பது கஷ்டம். ஏழு எட்டு வார வயதில் ஒரு விடியற்காலை கூண்டைத் திறந்துவிடுவார்கள். அப்புறமும் சில வாரங்கள் பக்கத்தில் மீன் வைப்பார்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அது தெற்கே கிளம்பிவிடும். தன்னந்தனியாகத்தான் போகும். பெற்ற கூட்டில் வளர்ந்த குஞ்சுக்கும் அதே கதிதான், இந்த இனத்தில் தாய் தகப்பன் கூடப் பறந்து வழி காட்டுவதில்லை.

கூண்டுக்கு இத்தனை செலவும் மெனக்கெடலும் எதற்கு என்றால், எந்தக் கரையிலிருந்து முதன்முதலாகச் சிறகடித்துப் பறந்ததோ அந்தக் கரையைத்தான் விராலடிப்பான் தன் ஊராக மனத்தில் பதிய வைத்துக்கொள்கிறது. முட்டை எங்கே பொரிந்தது என்பது அதற்குக் கணக்கில்லை. ஆண் பறவையிடம் இந்தப் பிடிப்பு இன்னும் அதிகம். கூடு கட்டும் வயது வந்ததும் தான் பறக்கப் பழகிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இந்தக் குணத்தால் ஒரு தீவில் அழிந்த பறவை தானாகத் திரும்புவது மிக மெதுவாக நடக்கிறது. குஞ்சைக் கொண்டுவந்து விட்டால் பலிப்பதும் இதே குணத்தால்தான்.

எங்கள் தோட்டத்து லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்து நாளாகிவிட்டது. ஆனாலும் மாரியம்மன் திருவிழா வந்தால் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகள் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கோயிலும் நாலு வேப்ப மரங்களும் தவிர அங்கே எதுவும் மிச்சமில்லை. ஊர்ப்பிடிப்பு என்றால் எனக்குப் புரிவது அப்படித்தான். அதனால் அந்த ஆண் பறவை ஏன் வேறு நல்ல ஏரி இருந்தும் போவதில்லை என்று நான் வியந்ததே இல்லை.

எங்கள் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெஸ்தாரி ஜெயாவைப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். நடவு அவர் பெயரில் இருக்கிறது, குழி வெட்டிய கைகள் நம்முடையவை. கித்தா என்கிற ரப்பரும் செம்பனையும் ஒரு பக்கம் என்றால், ஈயம் மறுபக்கம். மண்ணைக் கிண்டி ஈயம் எடுத்து முடித்த பிறகு பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் குட்டைகளாகக் கிடக்கின்றன. 2014இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது இந்தக் குட்டைகளிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். மற்ற நாட்களில் இங்கே வருவது தூண்டில்காரர்கள்தான். திலாப்பியா, விரால், தொமான் எல்லாம் கிடைக்கும்.

செப்டம்பர் கடைசி வாக்கில் விராலடிப்பான் வந்து சேரும். தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தின் உச்சிக் கொம்புதான் அதற்குப் பிடித்த இடம். மேலே கரும்பழுப்பு, கீழே வெள்ளை, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை. இறக்கை விரித்தால் ஐந்தடிக்கு மேல் இருக்கும். செம்பருந்து தண்ணீரின் மேல்தளத்தில் மிதப்பதைக் கொத்திக்கொண்டு போகும். விராலடிப்பான் அப்படியில்லை. அந்தரத்தில் ஒரு கணம் சிறகடித்து நின்று, குறி பார்த்து, கால்களை முன்னால் நீட்டியபடி தண்ணீருக்குள்ளேயே விழும். உடம்பு முழுக்க நனைந்து, மீனோடு எழும். பாதத்தின் அடியில் முள் முள்ளாக இருக்கிறது. வெளிவிரல் ஒன்றைப் பின்னால் திருப்பிக்கொள்ள முடிகிறது. வழுக்கும் மீனை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நகங்களால் கவ்விப் பிடித்து, மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிக்கொண்டு பறக்கும். காற்று குறைவாகத் தடுக்கும் அல்லவா, அதற்காக. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தத் திருப்பும் செயலுக்காகக் காத்திருந்து பார்ப்பேன்.

குட்டையோரம் வழக்கமாகத் தூண்டில் போடும் பெரியவர் ஒருவர், கித்தாப் பால்வெட்டிலிருந்து செம்பனைக் குலைவெட்டு வரை எல்லா வேலையும் செய்து ஓய்ந்தவர், ஒரு நாள் கேட்டார்:

"இது எங்கேருந்து தம்பி வருது?"

"வடக்கேருந்து தாத்தா. ரொம்ப தூரம். பனி பெய்ற நாட்டுல கூடு கட்டும். குளிர் வந்தா இங்க வந்துரும்."

"அப்போ இங்க குஞ்சு பொரிக்காதா?"

"இந்த நாட்டுல பொரிக்கிறதில்ல."

"எத்தனை மாசம் இருக்கும்?"

"ஆறு மாசத்துக்கு மேல இருக்கும். சின்ன வயசுப் பறவையா இருந்தா வருஷம் முழுக்க இருந்துரும்."

"அப்படின்னா நம்ம குட்டைக்காரன்தானே," என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைத் திரும்ப வீசினார்.

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அயர்லாந்துக்காரர்களின் திட்டத்தையே அந்தப் பேச்சை வைத்துத்தான் நான் இப்போது படிக்கிறேன்.

பறவை எப்படிப் போனது என்பதை அறிந்தால்தான் திரும்பக் கொண்டுவரும் அருமை தெரியும். பிரிட்டனில் கடைசிச் சோடிகள் ஸ்காட்லாந்தில் 1916 வரை தாக்குப் பிடித்தன. பறவை அரிதாக ஆக ஆக முட்டை சேகரிப்பவர்களுக்கு அதன் முட்டை இன்னும் பெரிய பரிசாகிவிட்டது. 1954இல் ஒரு சோடி தானாகத் திரும்பி வந்து லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் கூடு கட்டியது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்து ஆட்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். அப்படியும் 1958இல் ஒருவன் இருட்டில் ஏறி முட்டைகளை எடுத்துவிட்டு, சாயம் பூசிய கோழி முட்டைகளைக் கூட்டில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு சங்கத்தினர் நேர்மாறான முடிவை எடுத்தார்கள். ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, தூரத்தில் ஒரு மறைவிடம் கட்டி, எல்லோரும் வந்து பாருங்கள் என்று திறந்துவிட்டார்கள். அந்த ஒரு பருவத்தில் 14,000 பேர் வந்தார்கள். மூன்று குஞ்சுகள் பறந்தன. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டில் திருடுவது சுலபமில்லை.

துப்பாக்கியும் திருடனும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்று வந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விராலடிப்பான்கள் கூடு கட்டின, முட்டையிட்டன, அடைகாத்தன, ஆனால் குஞ்சு வரவில்லை. கனெக்டிகட் ஆற்று முகத்தில் இப்படி நடப்பதைப் பார்த்த ஆய்வாளர்கள், 1960களின் பிற்பகுதியில் ஒரு காரியம் செய்தார்கள். மேரிலாந்தில் நன்றாகக் குஞ்சு பொரிக்கும் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துக் கனெக்டிகட் கூடுகளில் வைத்தார்கள். அங்கே இருந்தவற்றை மேரிலாந்துக்கு மாற்றினார்கள். மேரிலாந்து முட்டைகள் கனெக்டிகட் தாயின் அடியில் ஒழுங்காகப் பொரிந்தன. கனெக்டிகட் முட்டைகளோ எந்தத் தாய் அடைகாத்தாலும் பெரும்பாலும் பொரியவில்லை. ஆக, தாய் அடைகாத்ததில் குறையில்லை, முட்டைக்குள்தான் கோளாறு. பூச்சிக்கொல்லி டிடிடி மீன் வழியாகத் தாயின் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிதாக்கி, அடைகாக்க உட்கார்ந்தாலே உடையும்படி செய்திருந்தது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. பறவைகள் மெல்ல மீண்டன.

மலேரியாவுக்காக லயத்து வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். அந்த மருந்து எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு விஷம் ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போகும் கதை புதிதில்லை. செம்பனையில் எலித் தொல்லை வந்தபோது தோட்டங்களில் ஆந்தைப் பெட்டி வைத்தார்கள். வெண்கூகை ஒரு சோடி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் எலி தின்னும். கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி, ஏறத்தாழ பத்து ஹெக்டருக்கு ஒன்று. என் அப்பா அந்தக் கோஷ்டியில் இருந்தார். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று பயந்த லயத்து ஆட்களிடம், கல்லெறியாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிப் புரிய வைத்தது அவரைப் போன்றவர்கள்தான். அதே காலத்தில் வேறு சில தோட்டங்களில் வீரியம் கூடிய புது எலிமருந்தைப் போட்டார்கள். மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றது, ஆந்தைகள் குறைந்துபோயின. 1980களிலேயே இது பதிவாகியிருக்கிறது.

பறவை வந்து தங்குவதற்காகக் கம்பம் நட்டுக் காத்திருக்கும் வேலை நம் ஆட்களுக்குப் பழகிய வேலைதான் என்று காட்டவே இதைச் சொல்கிறேன். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் விராலடிப்பானுக்குக் கம்பத்தின் மேல் குச்சிகளை அடுக்கிச் செயற்கைக் கூடு கட்டி வைக்கிறார்கள். அதே உழைப்பு, வேறு பறவை.

ரட்லண்ட் கதை எனக்கு ரொம்ப நெருக்கமானது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 1970களில் அணை கட்டி உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. அதற்காக நெதர் ஹாம்பிள்டன் என்ற சிற்றூர் இல்லாமல் போனது. 1996 முதல் 2001 வரை அங்கே 64 குஞ்சுகளை ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 1997இல் விட்ட ஓர் ஆண் 2001இல் அங்கேயே கூடு கட்டியது. ஒரே ஒரு குஞ்சு. இன்று அந்த வட்டாரத்திலிருந்து பறந்துபோன குஞ்சுகள் இருநூறுக்கும் மேல். ஆள் வெட்டிய பள்ளம், ஆள் தேக்கிய தண்ணீர் என்று பறவை ஒதுங்கவில்லை. மீனும், உட்காரக் கொம்பும், தொந்தரவில்லாத தூரமும் இருந்தால் போதும். எங்கள் ஈயக்குட்டையை வெறும் பாழ்நிலம் என்று எழுதுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ரட்லண்டின் தண்ணீருக்கு அடியில் ஒரு ஊர் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோட்டம் கைமாறியபோது ஊரை விட்டு ஏற்றப்பட்டவர்களின் பிள்ளை நான். பறவைக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த ஊரை மறந்துவிட என்னால் ஆகாது.

அப்புறம் பூல் துறைமுகம். தென் இங்கிலாந்துக் கரை. 2017 முதல் அங்கே குஞ்சுகளை விட்டார்கள். ரட்லண்டில் பிறந்த ஒரு பெண் பறவை, வளைய எண் சிஜே7, அங்கே வந்து ஆண்டுதோறும் துணைக்குக் காத்திருந்தது. முதலில் விட்ட குஞ்சுகளில் ஓர் ஆண் 2019இல் திரும்பி வந்தது. இரண்டும் சேர்ந்து குச்சி அடுக்கின. பருவம் முடிந்து இரண்டும் தெற்கே போயின. அடுத்த வசந்தத்தில் பெண் வந்தது, ஆண் வரவில்லை. பெண் தனியாகவே கூட்டில் உட்கார்ந்திருந்தது. துணையில்லாமல் இட்ட முட்டைகள் பொரியவில்லை. கடைசியாக 2022இல் வேறு ஓர் ஆணோடு சேர்ந்து குஞ்சு பொரித்தது. அந்தக் கரையில் ஏறக்குறைய 180 ஆண்டுகளில் அதுவே முதல் தடவை.

அந்த முதல் ஆணைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பூல்காரர்கள் தங்கள் பங்கில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கூடு இருந்தது, மீன் இருந்தது, துணை இருந்தது. இழப்பு நடந்தது அவர்களுடைய கைக்கு எட்டாத ஏதோ ஓரிடத்தில். பிரிட்டன் விராலடிப்பான்கள் சஹாராவைத் தாண்டி செனகல், கேம்பியா வரை ஐயாயிரம் கிலோமீட்டர் போகின்றன. இளம் பறவை முதல் கோடையை அங்கேயே கழித்துவிட்டு, இரண்டு மூன்று வயதில்தான் திரும்பப் பார்க்கும். பாதிக்கு மேல் திரும்புவதே இல்லை. அயர்லாந்தில் கூண்டைத் திறந்து விட்டவர் அந்தக் குஞ்சை மறுபடி பார்ப்பாரா என்பது, அவர் ஒருநாளும் போயிராத ஒரு கழிமுகத்தில் மீன் இருக்கிறதா, வலை கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதை ரட்லண்டில் வேலை செய்தவர்கள் சீக்கிரமே உணர்ந்து, கேம்பியாவில் பள்ளிப் பிள்ளைகளோடு தொடர்பு ஏற்படுத்தி, அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஆற்றோரப் பறவையைத் தொலைநோக்கியில் காட்டும் பணியைத் தொடங்கினார்கள். இந்த மீட்பு முயற்சிகள் எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் தொட்டது அதுதான்.

நடுவில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. அயர்லாந்துத் தீவின் வடபகுதியில், ஃபெர்மானாவில், ஒரு சோடி யாரும் கொண்டுவந்து விடாமலே குஞ்சு பொரிப்பதாக 2025இல் அறிவித்தார்கள். சில ஆண்டுகளாகவே தெரிந்திருந்தும், தொந்தரவு வரக்கூடாது என்று காவல் இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. தானாகவே வருமென்றால் நார்வேயிலிருந்து தூக்கி வருவானேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு சோடி ஒரு புயலில் போய்விடும். பக்கத்துத் தீவான பிரிட்டனில் அரை நூற்றாண்டு காவல் காத்துக் கூட்டிய எண்ணிக்கையிலிருந்துதான் அந்தச் சோடி வழிதவறியாவது வர முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். இரண்டும் நடக்கட்டும்.

ஐரோப்பாவில் ஒரு தீவுக்காக இத்தனை பேர் கூண்டு கட்டுகிறார்கள். ஆசியாவின் வடக்கில் கூடு கட்டும் பறவைகளுக்கோ, குளிர்காலப் பாதியின் பொறுப்பு நம் குட்டைகளில் கிடக்கிறது. கூடு இல்லாத ஊர் என்பதால் நம்மை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நாமும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் செய்ய வேண்டியது அவ்வளவு பெரிதில்லை. தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களை வெட்டாமல் விடலாம். குட்டையைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலில் கைவைப்பது அதில்தான். அறுந்த நைலான் தூண்டில் நரம்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். விராலடிப்பானின் காலில் அது சுற்றினால் மீன் பிடிக்க முடியாது, பிடிக்க முடியாவிட்டால் சில நாட்களில் முடிந்துவிடும். மீன்தான் கிட்டத்தட்ட அதன் ஒரே உணவு.

எங்கள் தூண்டில்காரர்களிடம் பேசியிருக்கிறேன். மலாய்க்காரர், சீனர், நம்மவர் மூவரும் உண்டு. கரையோரம் ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கட்டி, அறுந்த நரம்பைப் போடச் சொல்லியிருக்கிறோம். டின் நிறைகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். தொலைநோக்கி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோலசிலாங்கூர் பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் அன்று கொண்டு வாருங்கள். காலை ஏழரைக்குள் வந்துவிடுவது நல்லது, வெயில் ஏறிய பிறகு அது அதிகம் பறக்காது.